அந்தப் பசி அவன் குணமல்ல

ரிஸ்பெரிடோன் தொடங்கிய பிறகு என் மகன் தங்கையை அடிப்பது நின்றது. சுவரில் தலையை முட்டிக்கொள்வதும் குறைந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடும் ஆத்திரத்துக்கு அமெரிக்காவில் 2006-லேயே அங்கீகாரம் பெற்ற மருந்து அது. பலன் உண்டு. ஆனால் அதன் பக்கவிளைவுகளைப் பிள்ளையின் குணமாகவே வீட்டில் எடுத்துக்கொள்கிறோம். என் ஆதங்கம் அதுதான்.

முதலில் வந்தது பசி. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன் ஃப்ரிட்ஜைத் திறந்து, ஜில்லென்ற இட்லியைத் தொட்டுக்கொள்ள எதுவுமில்லாமல் நின்றபடியே தின்பான். "ஏன்டி இப்படி அலையுறான்?" என்றார் மாமியார். "மாத்திரை கிளப்புற பசி அத்தை, அவனைத் திட்டாதீங்க" என்றேன். பிஸ்கட், மிக்சர் வாங்குவதை வீட்டில் எல்லோருக்குமாக நிறுத்தினோம். வெள்ளரிக்காயும் சுண்டலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். மாதாமாதம் ஒரே மெஷினில் எடை பார்த்து எழுதி வைக்கிறேன். சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை எப்போது என்று டாக்டரிடம் நாமே கேட்கலாம், தவறில்லை.

என்னைப் பயமுறுத்தியது வேறு. மாத்திரை அளவைக் கூட்டிய சில நாளில், கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தான். உட்காரச் சொன்னால் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுவான். "கால் சும்மா இருக்க மாட்டேங்குதும்மா" என்றான். பார்ப்பவர்களுக்குப் பழைய துறுதுறுப்பு திரும்பியது போலத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் மருந்து கொடுக்கலாமே என்றுகூடத் தோன்றும். மருந்தே அப்படி நிலைகொள்ளாமல் செய்யும், அதற்கு அகதீசியா என்று பெயர். அவன் சொன்ன வார்த்தையை மாற்றாமல் டாக்டரிடம் சொன்னோம். அளவைக் குறைத்தார், அடங்கியது.

இதே மருந்தால் பையன்களுக்கு மார்பு வீங்கலாம், வெட்கப்பட்டு மறைப்பார்கள். வயதுக்கு வந்த பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகலாம். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே செருகி நின்றாலோ காத்து கருப்பு என்று நேரம் கடத்தாமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள், மாத்திரை அட்டையோடு. அது மருந்தால் வந்த தசைப்பிடிப்பாக இருந்தால் ஊசியில் சீக்கிரமே சரியாகும்.

வகுப்பில் தூங்குகிறான் என்று டீச்சர் சொன்னபோது, எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று குறித்துத் தரச் சொன்னேன். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டாக்டர் காலை மாத்திரையை இரவுக்கு மாற்றினார். நாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் பழைய ஆத்திரம் திரும்புவதோடு தூக்கமும் கெடலாம்.