எல்லோரும் பார்க்கும் ஒரே கணக்கு



குழுக் கணக்கு எங்கே இருக்கு என்று கேட்டால், "கணக்கு எழுதுற அக்கா வீட்டுல" என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அந்த அக்கா மகள் பிரசவத்துக்குப் பெங்களூரு போய்விட்டால் கணக்கும் பீரோவுக்குள் போய்விடும். ஒரு குழுவுக்குள் என்றால் எப்படியோ சமாளிக்கலாம். இரண்டு மூன்று ஊர்க் குழுக்கள் சேர்ந்து தொழில் செய்யும்போது, கூலி வாங்க வேண்டிய பெண்கள்தான் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். இதற்கு உதவும் இணையக் கணக்குத் தாளைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம்.

கணக்கு எழுதுவது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் திட்டம் 1989-இல் முதன்முதலில் தொடங்கியது தருமபுரியில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு ஒரே மாவட்டமாக இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது. ரொக்கப் புத்தகம், பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் நம் மூத்த உறுப்பினர்கள் பழகிக் கொடுத்தவை. 2015-இல் நபார்டு வங்கி, குழுக்களின் சேமிப்பு, கடன் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் இ-சக்தி திட்டத்தை ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிரத்தின் துலே ஆகிய இரண்டு மாவட்டங்களில் தொடங்கியது. அது வங்கிக்குத் தெரிய வேண்டிய கணக்கு. நாம் இங்கே பார்ப்பது நம் அன்றாட வேலைக்கான கணக்கு.

இதைக் 'கிளவுட்' என்று சொல்வாங்க. மேகம் என்று அர்த்தம். ஆனால் வானத்தில் ஒன்றும் இல்லைங்க. கூகுள் போன்ற நிறுவனங்களின் பெரிய கம்ப்யூட்டர்களில் நம் தாள் இருக்கும், நாம் போனில் திறந்து எழுதுகிறோம், அவ்வளவுதான். பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய கணக்குத் தாளைக் கூகுள் 2006-இல் வெளியிட்டது. ஜிமெயில் கணக்கு இருந்தால் இதற்குக் காசு கிடையாது. மைக்ரோசாஃப்டின் எக்செல்லிலும் இதே வசதி உண்டு.

"நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புறோமே, அது போதாதா?" என்று கேட்கலாம். காலையில் ஒரு போட்டோ, சாயந்திரம் திருத்திய பிறகு இன்னொரு போட்டோ. எது கடைசி என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம். பொதுத் தாளில் அந்தக் குழப்பம் இல்லை. ஒருத்தர் எழுதிய அடுத்த நிமிடம் எல்லோர் போனிலும் அதே எண்தான்.

இண்டூர் பக்கம் மூன்று குழுக்கள் சேர்ந்து புளி வாங்கி, தட்டி, கொட்டை எடுத்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாளில் தேதி, பெயர், வாங்கிப்போன பழம், திருப்பிக் கொடுத்த புளி, கொட்டை, கூலி என்று ஆறு கட்டம் போதும். ஒரு சகோதரி 40 கிலோ பழம் வாங்கிப் போகிறார். பழத்தில் 55 சதவீதம் சதை, 34 சதவீதம் கொட்டை, மீதி 11 சதவீதம் ஓடும் நாரும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 22 கிலோ புளியும் 13½ கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டையும் வர வேண்டும். கொட்டை எடுத்த புளிக்குக் கிலோ 12 ரூபாய் கூலி என்று பேச்சுக்கு வைத்தால் 264 ரூபாய். பெருக்கலை ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால் தாளே போட்டுக்கொள்ளும். அடுத்த ஊரில் வியாபாரியிடம் விலை பேசுகிற சகோதரி, எத்தனை கிலோ தயாராக இருக்கு என்று பத்துப் பேருக்குப் போன் போட வேண்டியதில்லை.

இங்கே ஒன்று கவனிக்கணும். ஒருவர் 22 கிலோவுக்குப் பதில் 19 கிலோ கொடுத்தால் தாளில் அது பளிச்சென்று தெரியும். உடனே அவரைச் சந்தேகிக்கக் கூடாது. மரத்துக்கு மரம் சதை மாறும், காயக் காய எடையும் குறையும். அந்த மூட்டைப் பழம் எங்கே வாங்கியது, அதே பழத்தைத் தட்டிய மற்றவர்களுக்கு எவ்வளவு வந்தது என்று முதலில் பாருங்க. பிறகு கூட்டத்தில் பேசலாம்.

தாளைப் பகிரும்போது பார்க்க மட்டும், கருத்து சொல்ல, திருத்த என்று மூன்று வகை அனுமதி கேட்கும். ஊருக்கு ஒருவர் வீதம் மூன்று பேருக்குத் திருத்தும் அனுமதி, மற்றவர்களுக்குப் பார்க்கும் அனுமதி போதும். லிங்க் வைத்திருக்கும் யாரும் திருத்தலாம் என்பதைத் தேர்ந்தெடுக்காதீங்க. அவரவர் ஜிமெயிலில் அனுமதி கொடுத்தால், கம்ப்யூட்டரில் திறந்து யார் எப்போது எதை மாற்றினார் என்று பார்க்கலாம், பழைய நிலைக்கும் திரும்பலாம். சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்கள், இணையம் இல்லாதபோதும் திறக்கும்படி அந்தத் தாளை முன்கூட்டியே போனில் அமைத்துக்கொள்ளலாம். எழுதியது சிக்னல் வந்ததும் போய்ச் சேரும்.

போன் வீட்டுக்காரர் கையிலோ மகன் கையிலோ இருக்கிற வீடுகள் நிறைய. யாருக்கு எவ்வளவு கூலி வந்தது என்று நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் பெயருக்குப் பதில் எண் போடலாமா என்பதை உறுப்பினர்களே முடிவு செய்யட்டும். தனிநபர் கடன் விவரம், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஏ.டி.எம். ரகசிய எண் எதுவும் இந்தத் தாளில் வேண்டவே வேண்டாம். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்குக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டணும்.

நோட்டை மூட்டை கட்டிவிடலாமா? கூடாது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வேண்டும், தாளில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. வாரம் ஒருமுறை நோட்டையும் தாளையும் இரண்டு பேர் உட்கார்ந்து ஒத்துப் பாருங்க.

கடைசியாக, அந்த ஜிமெயில் கணக்கு யாருடையது என்ற கேள்வி. கணக்கு எழுதுபவரின் சொந்தக் கணக்கில் தாளைத் தொடங்கினால், அது மறுபடியும் அவர் வீட்டுப் பீரோதான். குழுக்களின் பொதுப் பெயரில் புதிதாக ஒன்று தொடங்குங்க. கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்கான போன் எண் ஒருவருடையது, மீட்பு மின்னஞ்சல் இன்னொருவருடையது என்று கொடுங்க. அந்த இருவர் யார், பொறுப்பு மாறும்போது யாரிடம் ஒப்படைப்பது என்பதைத் தீர்மானமாக எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு தாளைத் திறங்க.