வீட்டுக்கு ஒரு காய்கறிப் பாத்தி

தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது ரப்பர்த் தோட்டமே அன்றி, கத்தரியும் வெண்டையும் காய்க்கும் தோட்டம் அன்று. ஆகவே குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் வீட்டுக் காய்கறித் தோட்டத்தைப் பாத்தி என்றே குறிப்பிடுவோம். மண்ணோடு நாள்தோறும் பழகும் குடும்பங்கள் பல, ஒரு கட்டுக் கீரைக்கும் காய்கறி வண்டியை எதிர்பார்த்து நிற்பது ஏன்? சோம்பல் என்று சிலர் எளிதாகக் கூறிவிடுவர். அது நேர்மையான பதில் ஆகாது. மரம் சீவுவது ஒரு தொழில். காய்கறி வளர்ப்பது வேறொரு தொழில். முன்னதில் கைதேர்ந்தவருக்குப் பின்னதும் தானே வந்துவிடும் என எதிர்பார்ப்பது முறையன்று.

லயத்து மக்களுக்கு வீட்டுப் பயிர் புதிதும் அன்று. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில், அரிசி கிட்டாத நாள்களில், மரவள்ளிக் கிழங்கே பல குடும்பங்களின் பசியைத் தணித்தது. பின்னர் 1974ஆம் ஆண்டில், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, பசுமைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பட்டு, வீட்டருகே வெறுமனே கிடக்கும் நிலத்தில் காய்கறி பயிரிட மக்கள் ஊக்குவிக்கப்பட்டனர். இத்தகைய முயற்சிகள் உற்சாகத்தோடு தொடங்கிச் சில மாதங்களில் களை மண்டிப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் உண்டு. தொடக்கத்திலேயே அளவுக்கு மிஞ்சிய நிலத்தைக் கொத்திவிடுகிறோம்.

மரம் சீவப் புதிதாகப் பழகுபவரிடம் முதல் நாளே முழு நிரையையும் ஒப்படைப்பது உண்டா? சில மரங்களில் கை பழகிய பின்னரே மற்றவை. பாத்திக்கும் இதுவே முறை. முதல் ஆண்டில் ஒரு பாத்தி போதும். அகலம் 3 அடி, நீளம் 10 அடி. அகலம் இதற்கு மேல் வேண்டா. இரு பக்கத்திலிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைத்து மண்ணை மிதிக்கலாகாது. நம் நாட்டு மழைக்கு நீர் தேங்காதிருக்க, முக்கால் அடி முதல் ஓரடி வரை மண்ணை உயர்த்திச் சுற்றிலும் சிறு வாய்க்கால் எடுத்தல் வேண்டும்.

இடத்தைப் பொறுத்தமட்டில் இரண்டு செய்திகள். லயத்தைச் சுற்றியுள்ள நிலம் நிர்வாகத்துக்கு உரியது. மண்வெட்டியை எடுக்குமுன் அனுமதி கேட்டுக்கொள்வது பின்னால் மனத்தாங்கலைத் தவிர்க்கும். அடுத்தது வெயில். நாளொன்றுக்கு 6 மணி நேர வெயிலேனும் இல்லாத இடத்தில் காய்கள் திரளமாட்டா. ரப்பர் மர நிழலில் நட்ட வெண்டை உயர்ந்து வளரும், காய்ப்பதோ அரிது.

இனி மண். தோட்டப்புற மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. ரப்பர் மரம் அதைத் தாங்கும். காய்கறிகளில் பல தாங்கா. ஆகவே மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கட்டிகளை உடைத்து, சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி விவசாயச் சுண்ணாம்பைத் தூவிக் கலந்து, இரண்டு வாரம் விட்டுவைக்க வேண்டும். அதன் பின்னரே எருவைச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒன்றாகக் கலந்தால் எருவின் தழைச்சத்து காற்றோடு போய்விடும். மாட்டுச் சாணமாயினும் கோழி எருவாயினும் நன்கு மக்கி, வாடை நீங்கி, கையில் எடுத்தால் உதிரும் பதத்தில் இருத்தல் அவசியம். பச்சை எரு வேரைக் கருக்கிவிடும். மாடு வளர்க்கும் அண்டை வீட்டாரிடம் ஒரு கூடை சாணம் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். பதிலுக்கு ஒரு பிடி கீரை அனுப்பினால் போதும்.

எதை விதைப்பது? கடையில் காணும் முட்டைக்கோசின் மீது ஆசை வைப்பவர் பலர். அது கேமரன் மலையின் குளிருக்கு உரியது. தாழ்நிலத்து வெப்பத்தில் நன்றாக உருண்டு திரள்வது கடினம். தக்காளியும் தொடக்கநிலையினருக்கு ஏற்றதன்று. நன்றாக நின்ற செடி திடீரென வாடிச் சாகும் நோய் தாழ்நில மண்ணில் உண்டு. தொடங்க வேண்டியது கீரையில்தான். கங்கோங்கும் முளைக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் சமையலுக்கு வந்துவிடும். விரைவில் பலன் கண்டவர் கைவிடமாட்டார் என்பதால் இதனை வலியுறுத்துகிறோம். கங்கோங்கை வேரோடு பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மீண்டும் தளிர்க்கும். பாத்தி முழுவதும் ஒரே நாளில் விதைப்பதும் தவறு. ஒரு வாரம் கீரை மிஞ்சி வீணாகும், மறு வாரம் ஒன்றும் இராது. பாத்தியை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பகுதியில் விதைத்தால் இக்குறை நேராது.

கீரையில் கை பழகிய பின் வெண்டையும் பயற்றங்காயும். வெண்டை விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் எளிதில் முளைக்கும். ஏறத்தாழ ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும். காய்த்தபின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். முற்றவிட்டால் நாராகும், செடியும் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். பயற்றங்காய்க்கு ஆறடிக் கொம்பு நட்டுக் கொடி ஏற்ற வேண்டும். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்ப்பதால், அறுவடைக்குப் பின் வேரைப் பிடுங்காது மண்ணிலேயே விட்டுவிடுதல் நலம்.

கத்தரியும் மிளகாயும் பொறுமை உள்ளவர்க்கு. மேற்குக் கரைத் தோட்டங்களில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ரப்பர் இலை உதிர்கிறது, பால் குறைகிறது, கைக்கு வரும் கூலியும் குறைகிறது. கடைக்காரரின் கணக்கு நீளும் காலம் அது. அக்டோபரில் நாற்றுவிட்டு, நான்கைந்து வாரம் கழித்துப் பாத்தியில் எடுத்து நட்டால், அந்த மாதங்களில் கத்தரியும் மிளகாயும் வீட்டிலேயே கிடைக்கும். அப்போது வெயில் கடுமையாக இருக்குமாதலால் வேரடியில் காய்ந்த லாலான் புல்லைப் பரப்பி, காலையிலும் மாலையிலும் நீர் ஊற்ற வேண்டும். விதை கட்டிய லாலானைப் பரப்பினால் களையை நாமே விதைத்தவராவோம்.

எல்லாவற்றையும் விட அழுத்தமாகக் கூற வேண்டியது ஒன்று உண்டு. தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கும் பம்பையோ, மருந்து வந்த காலித் தகரத்தையோ, பால் உறைய ஊற்றும் அமிலத்தின் கலனையோ வீட்டுப் பாத்திக்குக் கொண்டுவரவே கூடாது. நன்றாகக் கழுவிவிட்டோம் என்பது சமாதானம் ஆகாது. பராகுவாட் எனும் களைக்கொல்லி, ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கவல்லது; மலேசியாவில் அது 2020ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் பழைய தகரம் கொட்டகை மூலையில் கிடக்கக்கூடும். அதில் குடிநீரோ பாத்திக்கு நீரோ எடுப்பது குழந்தைகளின் உயிரோடு விளையாடுவதாகும். மருந்து அடிக்கும் நிரைக்கு ஒட்டிய இடத்தில் கீரை விதைப்பதையும் தவிர்க்க வேண்டும். காற்று சாரலைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆலைக் கழிவுநீர் ஓடும் கால்வாயில் தானாக முளைத்துச் செழித்திருக்கும் கங்கோங்கைப் பறித்துச் சமைப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

பூச்சிக்கு அஞ்சி நஞ்சைத் தேடவும் வேண்டா. ஒரு பாத்தி அளவில் கண்ணும் கையுமே போதும். இலையின் அடிப்புறத்தை நாள்தோறும் புரட்டிப் பார்த்துப் புழுவை எடுத்துவிடலாம். பயற்றங்கொடியில் அசுவினி மொய்த்தால் சிறிது சவர்க்காரம் கரைத்த நீரைத் தெளிக்கலாம். நத்தைகளை இரவில் கைவிளக்கோடு சென்று பொறுக்க வேண்டும், வெறுங்கையால் தொடலாகாது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. பின்னர்ச் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்வது நம் பொறுப்பு. கோழிகளுக்கு மட்டும் எந்தத் தந்திரமும் பலிக்காது, வேலிதான் கட்ட வேண்டும். நீர் சேமிக்கும் தொட்டிக்கு மூடி இல்லையேல், பாத்தியோடு டிங்கிக் கொசுவையும் சேர்த்து வளர்த்தவராவோம்.

முதல் ஆண்டு முடியும் தறுவாயில், நோயின்றி நன்கு காய்த்த வெண்டைச் செடி ஒன்றைத் தேர்ந்து, அதில் இரண்டு காய்களைப் பறிக்காமல் முற்றவிட வேண்டும். செடியிலேயே காய்ந்து வெடிக்கும் பருவத்தில் எடுத்து, நிழலில் உலர்த்தி, ஈரமற்ற கண்ணாடிப் போத்தலில் அடைத்து, பெயரும் மாதமும் எழுதி ஒட்டி வைக்கலாம். பொட்டலத்தில் வாங்கிய கலப்பின விதையில் வளர்ந்த செடியானால், அதன் விதை தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. அவ்வகைக்கு மறுமுறையும் புதுப் பொட்டலமே வாங்க நேரும்.