மலைக்கு வந்த பைக்கும் சமவெளி நம்பிக்கைகளும்

ஊட்டி–கூடலூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து கிளென்மார்கனுக்குப் போகும் சாலை, தேயிலைக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவே குறுகலாகப் போகிறது. காலையில் அந்தச் சாலையோரமாகத்தான் கொழுந்து பறிக்கப் பெண்கள் நடந்து போகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பதும் அங்கேதான். நடப்பவர்களுக்கென்று தனி இடம் எதுவும் கிடையாது.

கொரோனாவுக்குப் பிறகு நீலகிரியில் வந்து தங்கியவர்கள் பலர். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் சென்னை, பெங்களூரு இளைஞர்கள், ஓய்வுக்குப் பின் சின்னதாக ஒரு வீடு வாங்கியவர்கள், விடுமுறைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுத் தமிழர்கள் என்று பட்டியல் நீளும். வெலிங்டன் ராணுவ அலுவலர் கல்லூரிக்கு ஆண்டுதோறும் வரும் அதிகாரிகள் வேறு இருக்கிறார்கள். வந்தவர்கள் பலரும் முதலில் தேடுவது ஒரு பைக். அதில் தவறில்லை, எஸ்டேட் பக்கம் பஸ்ஸை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆனால் பைக்கோடு கூடவே, கேட்டு வைத்த கதைகளும் மலையேறி வந்துவிடுகின்றன. அவற்றில் சில ஆளைக் கொல்லக்கூடியவை.

“இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்”

முதலில் இதைத்தான் ஒழிக்க வேண்டும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தைக் கழிக்கிறோம். வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 14 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரில் வந்தால் எஞ்சின் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தாலோ மிச்சம் முழுவதும் உள்ளங்கை அகலமுள்ள பிரேக் ஷூவிலும் டிஸ்க்கிலும்தான் இறங்கும். டிரம் பிரேக் சூடேறினால் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். டிஸ்க் பிரேக்கில் இருக்கும் டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். லீவரை அழுத்தினால் குமிழ்தான் அமுங்கும், பிரேக் பிடிக்காது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு நெடுந்தூரம் கியரில் இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், உள்ளே போகும் ஆயிலோ மிகக் குறைவாக இருக்கும். பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும் என்று பயந்து, அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினார்கள். இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயில் தனியாகச் சுற்றுகிறது. அந்தப் பயத்துக்கு இடமில்லை.

பெட்ரோல் கணக்கும் தப்பு. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள பெரும்பாலான வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மூடினால் பெட்ரோல் போவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் ஓடும் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் குடித்துக்கொண்டேதான் இருக்கும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

ஸ்கூட்டர்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் ஓரளவுக்குக் கீழே வந்ததும் கிளட்ச் தானாக விலகிவிடும். அதன்பின் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. மெதுவாகத்தானே போகிறோம் என்று இறங்குகிறவர் உண்மையில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார். செங்குத்தான இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். வழியில் நிறுத்தி ஆறவிடுங்கள். டிரம்மிலிருந்து கருகல் வாடை வந்தால் அதன்மேல் தண்ணீர் ஊற்றாமல் காத்திருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: இறங்குகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்ற நினைப்பு. குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பதே சாலை விதி. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம்.

“மலைக்கு 350 சி.சி.யாவது வேண்டும்”

வேண்டியதில்லை. எஸ்டேட் லயன் வீடுகளின் வாசலில் நிற்கும் நூறு சி.சி. வண்டிகளும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.களும் இதற்குச் சாட்சி. காய்கறி மூட்டையோடும், சிலிண்டரோடும் அவை தினமும் ஏறுகின்றன. சமவெளியில் சீறிய வண்டி இங்கே மந்தமாவது மட்டும் நிஜம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால்வாசி குறைவு. குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாவதற்கும் அதுதான் காரணம். காற்று மெலிந்தால் எஞ்சினின் பலம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். எல்லா வண்டிக்கும் ஒரே விகிதம்தான், 350-க்கும் சலுகை இல்லை. கூடவே அது பெரும்பாலும் 180 கிலோவுக்கு மேல் கனக்கும். ஈரமான வளைவில் சாய்ந்துவிட்டால் ஒற்றை ஆளால் தூக்கி நிறுத்த முடிகிறதா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியைக் கொண்டுவந்தால் பிளக் கருப்படிக்கும், மைலேஜ் குறையும். காற்று குறைந்தும் பெட்ரோல் பழைய அளவிலேயே போவதால் வரும் கோளாறு இது. உள்ளூர் மெக்கானிக்கிடம் டியூன் செய்துகொள்ளலாம். கோவைப் பக்கம் நிரந்தரமாகத் திரும்பும்போது அதை மறுபடி மாற்ற மறக்கக் கூடாது, மாற்றாவிட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகள் பெரும்பாலும் இதைத் தாமே சரிசெய்துகொள்கின்றன.

“பனிமூட்டத்துக்கு ஹை பீம், குளிருக்கு ஒரு கட்டிங்”

இரண்டுமே நேர்மாறானவை. ஹை பீம் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம்தான் சாலையைக் காட்டும். மது தோலுக்கு அருகில் உள்ள ரத்தக் குழாய்களை விரித்து, உடம்பின் உள்சூட்டை வெளியே விடுகிறது. கதகதப்பு என்று நாம் உணர்வது உடம்பு இழந்துகொண்டிருக்கும் சூட்டைத்தான். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதச் சிறையும் வரை போகலாம்.

“மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதானே”

சென்னைக்காரரின் கணக்கு இது. குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு ஓரளவு பொருந்தும். கிளென்மார்கன், பைக்காரா, நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழைக்கு உரியது. ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை இங்கே வானம் வழிவிடாது. இதே மேற்கு நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதங்களில் வெயில் விழாத வளைவுகளில் பாசி பிடிக்கும், யூகலிப்டஸ் இலை நனைந்து படியும், தோட்டத்து டிராக்டர் சேற்றை இழுத்துவிட்டுப் போகும். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல்தான் தடுக்கும். பாசியில் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. மே மாதமே டயரைப் பாருங்கள். வழவழப்பாகிவிட்ட டயரை ‘இன்னும் ஒரு சீசன் ஓட்டலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

“மேப்பில் கிட்டத்தில்தானே இருக்கிறது”

கிளென்மார்கனில் நின்று மேப்பைப் பார்த்தால் சிங்காரா காலடியில் இருப்பதுபோலத் தெரியும். காலடியில்தான் இருக்கிறது, ஆனால் ஏறத்தாழ 3,000 அடி கீழே. 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின் நிலையத்துக்கு இந்த விளிம்பிலிருந்துதான் ராட்சதக் குழாய்களில் தண்ணீர் இறங்குகிறது. குழாய்களை ஒட்டி மின்வாரியத்தின் விஞ்ச் ஓடும் தண்டவாளம் உண்டு. பைக் போகும் பாதை கிடையாது. காட்டுத் தடங்களில் வண்டியை விட்டுப் பார்ப்பது வனச்சட்டப்படி குற்றம். அந்தக் காடு யானைகளின் வழித்தடமும்கூட.

சிங்காரா, மசினகுடிக்குத் தலைகுந்தாவிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் குறுக்குவழி என்று மேப் சொல்லும். அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பின் வெளியூர்ப் பதிவெண் வண்டிகளை அந்த வழியாகக் கீழே இறங்க விடுவதில்லை. சுற்றினாலும் கூடலூர் வழியே போங்கள்.

வழியில் காட்டெருமை நின்றால் ஹாரன் அடித்து விரட்டலாம் என்பவர்களுக்கு ஒரே வரி: அது ஆயிரம் கிலோ வரை எடை வரும் விலங்கு. தூரத்திலேயே நின்று அது போகும்வரை காத்திருங்கள்.

“டி.என். 43 வண்டி வாங்கிவிட்டால் நாமும் உள்ளூர்தான், பேர் மாற்றம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்”

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து சீசன் மாதங்களில் சாதாரண நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வெளி வண்டிகள் என்று வரம்பும் வந்தது. டி.என். 43 வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டாம். இதற்காகவே பழைய உள்ளூர் பைக்கை வாங்கி, ஆர்.சி. புக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் கவலை தருவது இந்தப் பழக்கம்தான்.

பழைய பைக்கை விற்பவர் பெரும்பாலும் ஒரு எஸ்டேட் தொழிலாளியோ, சின்ன விவசாயியோ. சில ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார். வாங்கியவர் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கவில்லை. ஒருநாள் சாலையோரம் நடந்துபோன ஒருவர்மேல் வண்டி மோதிவிட்டது என்று வையுங்கள். நஷ்டஈடு யார் தலையில்? ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்துவிட்டது. வண்டி கைமாறி எத்தனை ஆண்டானாலும், எத்தனை பேரிடம் போனாலும் இதுதான் நிலை. வண்டியை விற்ற ஏழை லட்சக்கணக்கில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வாங்குவார். அடிபட்ட ஏழையின் குடும்பத்துக்குக் காசு வந்து சேராது. பெயரை மாற்றாமல் ஓட்டியவர் இவ்விருவருக்கும் அநியாயம் செய்கிறார்.

அவருக்கும் லாபமில்லை. இன்ஷூரன்ஸில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு என்று வரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, பதிவு பெற்ற உரிமையாளருக்கு மட்டும்தான். பெயர் மாறாத வண்டியில் விழுந்து இறந்தால் அவர் வீட்டாருக்கு அது கிடையாது. பாலிசியில் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு கைமாறும். சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியோ பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றினால்தான் வரும்.

மாவட்டத்தில் குடியிருந்து வெளியூர்ப் பதிவெண் வைத்திருப்பவர்கள் குறுக்குவழி தேடவும் அவசியமில்லை. முகவரிச் சான்று கொடுத்து உள்ளூர்ப் பாஸ் வாங்கிக்கொள்ள மாவட்ட நிர்வாகம் 2024-லேயே வழி செய்தது. கர்நாடகம், கேரளப் பதிவெண் வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வேண்டும். ராணுவத்தினர், அரசு ஊழியர் போன்ற மாற்றலாகிச் செல்கிறவர்களுக்கு 2021 செப்டம்பர் முதல் பி.எச். தொடர் பதிவெண் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சேதி. அங்கே கார் லைசென்ஸ் இருந்தால் இங்கே பைக் ஓட்டலாம் என்பது தவறு. சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிளுக்கான ‘ஏ’ பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். வாடகைக்கு எடுப்பதானால் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுக்க அதுவே போதும்.

பழைய பைக் வாங்கி வைத்திருப்பவர்கள் இந்த வாரம் ஆர்.சி. புக்கை எடுத்துப் பாருங்கள். வேறொருவர் பெயர் இருந்தால் அவரைத் தேடிப்போய் 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, இன்ஷூரன்ஸோடு ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுங்கள். விற்றவர்கள் வாங்கியவருக்காகக் காத்திருக்க வேண்டாம். விற்ற பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை, உங்களைக் காப்பாற்றப் போவதும் அதுதான்.