ஆன்சைட் முடிந்தபின் ஸ்டாக்ஹோமில் இரண்டு நாள்

"அடுத்த மாசம் ஸ்டாக்ஹோம், ஒரு வாரம், ரெடியா?" என்று மேனேஜர் கேட்டதும் ஸ்வெட்டர் வாங்க ஓடாதீர்கள். உங்கள் பெயரில் என்ன தேதிக்கு டிக்கெட் போடப்போகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். வேலை வெள்ளி மாலை முடியும், விமானம் வெள்ளி இரவே கிளம்பும் என்றால், ஊர் பார்க்கும் ஆசையை விமான நிலைய ஜன்னலோடு தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விசா விண்ணப்பத்திலேயே ஊர் பார்க்கும் இரண்டு நாளையும் சேர்த்துக் கேளுங்கள். ஷெங்கன் விசாவில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒரு கணக்கு. அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொரு கணக்கு. தேதிகள் தாராளமாக இருக்கும், நாள் எண்ணிக்கை இறுக்கமாக இருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் எண்ணிக்கையில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். பயண இன்சூரன்ஸும் கடைசி நாள் வரை இருக்க வேண்டும். கம்பெனி எடுப்பது பெரும்பாலும் வேலை நாட்களுக்குத்தான்.

அப்புறம் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில்: "வெள்ளிக்குப் பிறகு ஹோட்டலும் சாப்பாடும் என் செலவு, திங்களன்று லீவு." வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து பில் போடும்போது அக்கவுண்ட்ஸ் பிரிவோடு மல்லுக்கட்டாதீர்கள்.

பணம் மாற்றுவது அவ்வளவாகத் தேவைப்படாது. அங்கே யூரோ அல்ல, ஸ்வீடிஷ் க்ரோனா. ஆனால் ரொக்கமே வாங்காத கடைகள் ஏராளம். வெளிநாட்டில் வேலை செய்யும்படி கார்டை ஊரிலேயே திறந்துவைத்துக்கொண்டு போனால் போதும்.

ஐ.டி.க்காரர்களில் பலருக்கு வேலை கிஸ்டாவில் இருக்கும். எரிக்சனின் தலைமையகம் இருக்கும் பேட்டை. எழுதுவது கிஸ்டா, சொல்வது 'ஷீஸ்தா'. அங்கிருந்து நகரின் மையத்துக்கு வரும் நீலத் தடம், 11ஆம் எண் மெட்ரோவே பாதி சுற்றுலா. ஸ்டாக்ஹோமின் 100 மெட்ரோ நிலையங்களில் 90க்கும் மேற்பட்டவற்றில் கலைப்படைப்புகள் இருக்கின்றன. ஒரு நாள் மாலை சூல்னா சென்ட்ரும் நிலையத்தில் இறங்குங்கள். குடைந்த பாறையை அப்படியே விட்டு, மேலே ரத்தச் சிவப்பு வானமும் கீழே பச்சைக் காடும் தீட்டியிருக்கிறார்கள். அருகில் போய்ப் பாருங்கள். அது அழகுக்காக மட்டும் வரைந்ததல்ல. கிராமங்கள் காலியாவதையும் காடு அழிவதையும் பற்றி 1970களில் வரைந்த ஓவியம். டி-சென்ட்ராலனில் வெள்ளைப் பாறையில் நீலக் கொடிகள் படர்ந்திருக்கும். இதற்கெல்லாம் தனிக் கட்டணம் கிடையாது, மெட்ரோ டிக்கெட்டே போதும். ஆக, இதற்காகச் சனிக்கிழமையைச் செலவழிக்காதீர்கள். வேலை நாட்களிலேயே முடித்துவிடுங்கள்.

சனிக்கிழமை யூர்கார்டன் தீவுக்கு. ஸ்லூசனிலிருந்து படகில் போங்கள். நகரப் போக்குவரத்து டிக்கெட்டே அதற்கும் செல்லும். 14 தீவுகளில் கட்டிய நகரம் என்பது தண்ணீரில் இருந்து பார்க்கும்போதுதான் புரியும். தீவில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், யோசிக்காமல் வாசா அருங்காட்சியகம். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்ட வாசா போர்க்கப்பல், சுமார் 1,300 மீட்டர் போனதுமே துறைமுகத்திலேயே கவிழ்ந்தது. 333 ஆண்டு கழித்து, 1961இல் தூக்கினார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தை அரிக்கும் கப்பல் புழு அங்கே வாழாது. அதனால்தான் செதுக்கிய சிங்கங்கள் வரை அப்படியே கிடைத்தன.

வேலைக்குப் போகிறவர்களுக்கு அதன் பின்கதை இன்னும் ருசி. புறப்படும் முன்பே ஒரு சோதனை நடந்தது: 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சோதனையை நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. ஸ்வீடன் ராஜா வெளிநாட்டில் போர்முனையில் இருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கப்பல் கட்டிய தலைமைத் தச்சர் முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார். விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை. டெஸ்டிங்கில் தோற்றதை 'கோ-லைவ்' செய்த புராஜெக்ட் ஏதாவது உங்களுக்கு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

ஞாயிறு காலையில் காம்லா ஸ்தான், பழைய நகரம். கூட்டம் சேர்வதற்குள் போய்விடுங்கள். மோர்டன் துரோட்சிக் சந்து ஓரிடத்தில் 90 செ.மீ. அகலம்தான், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கியாக வேண்டும். பிற்பகலில் நகர மண்டபம். நோபல் விருந்து நடக்கும் 'நீல மண்டபம்' நீலமாக இருக்காது. நீலம் பூச நினைத்த கட்டடக் கலைஞர், செங்கல்லின் அழகைப் பார்த்து மனம் மாறினார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வழிகாட்டியுடன்தான் உள்ளே விடுவார்கள், நேரம் பார்த்துப் போங்கள்.

சாப்பாட்டு விலை பயமுறுத்தும். வேலை நாட்களில் மதியம் 'தாகென்ஸ்' கேளுங்கள்: அன்றைய சாப்பாடு, பெரும்பாலும் சாலட், ரொட்டி, காபி சேர்த்து ஒரே விலை. இரவில் அதே உணவகத்தில் பர்ஸ் கிழியும். தயிர்சாதம் இல்லாமல் தூக்கம் வராதவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் 'துருக்கித் தயிர்' டப்பாவை எடுங்கள். நம்மூர்க் கெட்டித் தயிருக்கு அதுதான் கிட்டத்தில் வரும். தண்ணீர் பாட்டில் வாங்குவது வீண், குழாய்த் தண்ணீரே அருமை.

எப்போது போவது? டிசம்பரில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மீட்டிங் முடிந்து வெளியே வந்தால் நள்ளிரவு மாதிரி இருக்கும். ஜூலையில் வெளிச்சம் கொட்டும், ஆனால் பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும். தேதியை உங்களையே சொல்லச் சொன்னால், மே கடைசி வாரம் என்று சொல்லுங்கள்.