சட்டக் கட்டுரையும் மூல வாசகமும்

கூலிம் பட்டணத்திலும், பாடாங் செராய், லூனாஸ் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்து, சட்டம் பயிலப் பல்கலைக்கழகம் சென்றிருக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தங்கள் கட்டுரைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கமாகிவிட்டபடியால், அவர்கள் எவ்விடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதைக் கூர்ந்து கவனிக்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்திருக்கிறது. ஆங்கிலமோ மலாயோ தங்களுக்குப் போதவில்லை என்றே அவர்களிற் பெரும்பாலோர் வருந்துகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. சட்டத்தின் வாசகத்தை நேரில் படியாமல், அதைப் பற்றிப் பிறர் எழுதியவற்றை மட்டும் படித்துவிட்டுப் பேனாவை எடுப்பதே பிரதானமான குறை.

இதற்கு நான் எடுத்துக்காட்டுவது 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் உள்ள 340ஆம் பிரிவு. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் பால்மரம் சீவி, வேலையை விட்ட பிறகே சொந்தப் பெயரில் ஒரு நிலக் கிராண்டைக் கண்ணால் கண்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பதிவு பெற்ற உரிமை எப்போது செல்லும், எப்போது செல்லாது என்ற வினாவின் கனத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.

பினாங்கு தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்து மாதுக்குச் சொந்தமாயிருந்த நிலத்தை, அவரைப்போல் ஆள்மாறாட்டம் செய்து போலிக் கையொப்பமிட்ட ஒருவர் அடோர்னா என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்மாதுக்குச் சார்பாகவும், 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாகவும் தீர்ப்பளித்தன. நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரைக் காக்கும் விதிவிலக்கே பின்னைய தீர்ப்புக்கு ஆதாரம். ஆனால் அந்த விதிவிலக்கு 340ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின் கடைசியில் நிற்பது. அந்த உட்பிரிவுக்கு மட்டுமே தான் உரியது என்று தன் வாசகத்திலேயே சொல்லிக்கொள்வது. அந்த உட்பிரிவோ, பழுதுற்ற உரிமை மேலும் கைமாறிய பின் அதைப் பெற்றவரைப் பற்றியதேயன்றி, போலிப் பத்திரத்தின் வழியாக முதலில் பெற்றவரைப் பற்றியதன்று. 2010 ஜனவரி 21ஆம் நாள், டான் யிங் ஹோங் வழக்கில் கூட்டரசு நீதிமன்றமே இவ்வாறு நிர்ணயித்து, முந்தைய தீர்ப்பு தவறென்று விலக்கியது.

ஆகவே, ஒரு பிரிவைப் பற்றி எழுதப் புகுமுன் அதன் உட்பிரிவுகளை ஒவ்வொன்றாகச் சொந்தக் கையால் ஒரு தாளில் எழுதி, எது எதைக் கட்டுப்படுத்துகிறது என்று கோடிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். தீர்ப்புத் தொகுதிகளில் தீர்ப்புக்கு மேலே காணும் சுருக்கம் பதிப்பாளர் எழுதியது. அதை நீதிபதியின் வாக்காகக் காட்டலாகாது. எடுத்தாளும் தீர்ப்பு இன்றும் உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதும் அத்தியாவசியம்.

ஒரு மாணவி பூன்சோம் வழக்கைப் பற்றிய கட்டுரையை, நிலச் சட்டம் நாட்டின் அபிவிருத்திக்கு இன்றியமையாதது என்று தொடங்கி, பிற்பாடு கூட்டரசு நீதிமன்றத்தின் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு மிகவும் அநியாயமானது என்று எழுதியிருந்தாள். “அநியாயம் எங்கே இருக்கிறது, அம்மா? எந்த உட்பிரிவில்?” என்று கேட்டேன். சற்று யோசித்து, முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, மூன்றாம் உட்பிரிவின் விதிவிலக்கை அதன் எல்லைக்கு அப்பாலும் நீதிமன்றம் பிரயோகித்தது என்று எழுதினாள். கோபம் குறைந்தது, வாதம் பலப்பட்டது.

எதிர்வாதத்தையும் அதன் முழு வலிமையோடு எழுதவேண்டும். பதிவேட்டை நம்பிப் பணம் கொடுத்தவர் என்ன பாவம் செய்தார், அவரையும் காவாவிட்டால் பதிவுமுறையினால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவரின் நியாயம் அற்பமானதன்று. அதை ஒரே வரியில் தள்ளிவிடாமல், அவரே படித்தாலும் ஆம் என்று தலையசைக்கும்படி எடுத்துரைத்து, பிறகே மறுக்கவேண்டும். ஒரு கட்டுரையைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தேடிப் படிப்பது அந்தப் பத்தியைத்தான்.