3550 படிகள்: நெடுந்தூர உழைப்புக்கு உடலையும் மனத்தையும் பழக்குதல்

புரட்டாசி மாதத்தில் நம் சங்கத்தார் சித்தூரிலிருந்து புறப்பட்டு, அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடந்து ஏறுவது வழக்கம். அதற்கு எப்படித் தயார் செய்துகொள்வது, என்ன சாப்பிடுவது என்று எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டார். மாரத்தான் ஓட்டத்திற்குப் பயிற்சி எடுக்கும் நம் பிள்ளைகள் சிலரும் இதே படிகளில்தான் ஏறிப் பழகுகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்தே எழுதுங்கள் என்றார். நான் மருத்துவன் அல்லன். ரயில் பாதைப் பராமரிப்பில் காலம் கழித்த டிப்ளமோ பொறியாளன். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

திருப்பதி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருமலை ஏறக்குறைய 850 மீட்டர். ஆக, நாம் ஏற வேண்டியது 700 மீட்டர். அலிபிரிப் பாதையின் நீளம் எட்டு, ஒன்பது கிலோமீட்டர். சராசரிச் சரிவு 12-க்கு 1 என்று வருகிறது. நீலகிரி மலை ரயில் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறும் செங்குத்தான சரிவும் ஏறத்தாழ இதுதான். அங்கே இன்ஜின் சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். நமக்குப் பற்சட்டம் இல்லை, தொடைத்தசைதான் உண்டு.

ஆனால் சராசரி நம்மை ஏமாற்றும். அலிபிரியிலிருந்து காலி கோபுரம் வரை ஏற்றம் கடுமை. அதன்பின் வெகுதூரம் கிட்டத்தட்டச் சமதரை, மான் பூங்கா, தார்ச்சாலை ஓரம். "முடிந்துவிட்டது" என்று நினைக்கும் நேரத்தில் மோகாள்ள மிட்ட வருகிறது. தெலுங்கில் மோகாலு என்றால் முழங்கால். இராமாநுசர் அந்த இடத்தைக் காலால் மிதிக்காமல் முழங்காலாலேயே ஏறினார் என்பது ஐதீகம். பெரும்பாலோர் தங்கள் பலத்தையெல்லாம் காலி கோபுரத்துக்குள்ளேயே செலவழித்துவிட்டு இங்கே வந்து நிற்கிறார்கள். மாரத்தானும் இப்படித்தான். 42 கிலோமீட்டரில் முதல் பத்து யாருக்கும் இனிக்கும். கடைசிப் பத்தில்தான் ஓட்டம் தெரியும்.

ஆகவே முதற்பாடம், உங்களால் முடியும் வேகத்தைவிடக் குறைவாகத் தொடங்குங்கள். அளவுகோல் எளிது. பக்கத்தில் ஏறுபவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் அதிகம். உலகத்தரம் வாய்ந்த நெடுந்தூர வீரர்கள் தங்கள் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கை இப்படிப் பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேகத்தில்தான் செய்கிறார்கள் என்று ஸ்டீபன் சைலர் என்ற ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார். நம் பிள்ளைகளோ தினமும் பந்தயம் ஓடுகிறார்கள். காலில் வலி வந்ததும் மூன்று வாரம் படுக்கிறார்கள்.

எனக்கு இது ஆராய்ச்சியால் தெரிந்ததல்ல. மீட்டர்கேஜ் காலத்தில் பாகாலா, சந்திரகிரிப் பக்கம் வேலை பார்த்தபோது கீமேன்களைப் பார்த்துக் கற்றது. கீமேன் என்பவர் சுத்தியலும் ஸ்பானரும் தோளில் சுமந்து தன் பீட்டில் ஆறு கிலோமீட்டர்வரை ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போய், மறு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே திரும்புவார். கழன்ற சாவியைத் தட்டுவார், போல்ட்டை முடுக்குவார். சித்திரை வெயிலிலும் இதே வேலைதான். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கீமேன் எங்களிடம் இருந்தார். இளம் பொறியாளர்கள் அவருடன் நடந்தால் முதல் மைலில் அவரை முந்திவிடுவார்கள், நான்காவது மைலில் அவருக்காகத் தண்ணீர்ப் பையுடன் மரநிழலில் காத்திருப்பார்கள். அவர் அதே நடையில் வந்து, நிற்காமல் கடந்து போவார். தூக்குச் சட்டியில் ராகி சங்கட்டி, வேர்க்கடலைச் சட்னி, வெங்காயம், ஒரு புட்டியில் உப்புப் போட்ட மோர். இவ்வளவுதான் அவருடைய விளையாட்டு வீரர் உணவு.

இனி உணவுக் கணக்கு. 65 கிலோ எடையுள்ளவர் 700 மீட்டர் உயருவதற்கு வேண்டிய வேலை சுமார் 107 கிலோ கலோரி. தசையின் திறன் நான்கில் ஒரு பங்கு என்று வைத்தால் உடல் எரிப்பது 430. கிடைத்தூரம் நடப்பதையும் சேர்த்தால் 700 அளவில் வரும். உடலில் தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் சர்க்கரை 400 முதல் 500 கிராம். அது 1600 முதல் 2000 கிலோ கலோரி தரும். எனவே மலையேற வயிறு முட்டச் சாப்பிடத் தேவையே இல்லை. ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு நான்கு இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும். மாரத்தான் கணக்கு வேறு. கிலோமீட்டருக்குக் கிலோவுக்கு ஒரு கலோரி என்றால் 2700-க்கு மேல் போகிறது. சேமிப்பு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துவிடும். அங்கே கால் கல்லாகிவிடுவதை ஓட்டக்காரர்கள் "சுவர்" என்பார்கள். அது மனக்கோளாறு அல்ல, அடுப்பில் கரி இல்லை. நீராவி இன்ஜினில் ஃபயர்மேன் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கரி போடுவார். தீ அணைந்தபின் ஒரு கூடை கொட்டினால் புகைதான் வரும். அதுபோல மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, முதல் மணியிலிருந்தே உள்ளே போக வேண்டும். பெரிய வாழைப்பழம் ஒன்றில் 25 கிராமுக்கு மேல் இருக்கிறது. சித்தூர் வெல்லத்தில் செய்த கடலை மிட்டாய் பைக்குள் வசதியாக அடங்கும், ஆனால் கொழுப்பு அதிகம், ஓடும்போது சிலருக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. பயிற்சியில் சோதிக்காத எதையும் பந்தய நாளில் வாயில் வைக்காதீர்கள்.

ராகி அன்றாட உணவுக்கு மிக நல்லது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், அரிசியில் அதன் நிழல்கூடக் கிடையாது. ஆனால் நார்ச்சத்து மிகுதி. பந்தயக் காலையில் வேண்டாம், முதல்நாள் மதியத்தோடு நிறுத்துங்கள். நெடுந்தூரம் ஓடும் பெண்பிள்ளைகள் இரும்புச்சத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டோடு காபி, டீ குடிக்கும் நம் பழக்கம் இரும்பை உடலில் சேரவிடாது, நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேர்த்துவைக்கும்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. குறைவாகக் குடித்து மயங்குவதை அறிவோம். அதிகமாகக் குடித்தும் விழலாம் என்பதைப் பலர் நம்புவதில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடத் தொடங்கிய எடையைவிட முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும், நான்கு மணிக்கு மேல் மெதுவாக ஓடியவர்களுமே அதில் அதிகம். மூளை வீங்கி உயிரும் போகலாம். தாகத்துக்குக் குடியுங்கள், படிக்கொரு மடக்கு என்று கணக்கு வைக்காதீர்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் குடித்ததுபோக ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் மறுமுறை குறைத்துக் குடியுங்கள். உப்பு மோர் நன்று. ஓ.ஆர்.எஸ். வாங்கினால் உலக சுகாதார நிறுவனக் கலவையா என்று பாருங்கள். இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரில் விற்கப்பட்டதால் 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

இப்போது நம் பெரியவர்களுக்கு. சென்ற ஆண்டு நம் குழுவில் ஒருவர் ஐந்நூறாவது படி அருகே உட்கார்ந்துவிட்டார். கொட்டும் வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். "ஏறின களைப்பு" என்று எல்லோரும் விசிறினார்கள். பெருமாளுக்கு விரதம் என்று வெறும் வயிறு, ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கியிருந்தார்! உடன் வந்த ஓர் அம்மாள் நர்ஸ், குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார், கால் மணியில் தெளிந்தார். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் ஏறவே கூடாது. விரத நாளில் மருந்தளவை மருத்துவரிடம் முன்பே கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், அது எங்கிருக்கிறதென்று கூட வருபவருக்கும் தெரியட்டும். வெறுங்காலில் ஏறுவதால், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மேலே போனதும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, தாடை வலி வந்தால் அங்கேயே உட்காருங்கள், ஆள் அனுப்புங்கள். அறுபதைத் தாண்டி இதயம், இரத்த அழுத்தம், சர்க்கரைத் தொல்லை உள்ளவர்கள் நடந்து வரவேண்டாம் என்று 2024-இல் தேவஸ்தானமே அறிவுறுத்தியது. பஸ்ஸில் வந்தவருக்கும் அதே தரிசனம்தான் கிடைக்கிறது.

மனம் பற்றி எல்லோரும் வீரமாக எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தது சிறிது. அந்தக் கீமேன் ஆறு கிலோமீட்டரை ஒருநாளும் நினைத்ததில்லை. அடுத்த தந்திக் கம்பம் வரை, அவ்வளவுதான். படியேறும்போது ஐம்பது ஐம்பதாக எண்ணுங்கள், 3550-ஐ எண்ணாதீர்கள். இன்னொன்று, பிரிட்டனில் பாங்கர் பல்கலைக்கழகத்தில் 2009-இல் ஒரு சோதனை நடந்தது. 90 நிமிடம் கவனத்தை உறிஞ்சும் கணினி வேலை செய்தபின் சைக்கிள் மிதித்தவர்கள் 640 விநாடியில் கைவிட்டார்கள். அது செய்யாத நாளில் 754 விநாடி தாங்கினார்கள். இதயத்திலோ தசையிலோ அதற்கான காரணம் தென்படவில்லை, களைப்பு மட்டும் அதிகமாகத் தோன்றியது. இரவெல்லாம் கார் ஓட்டி வந்து, டிக்கெட்டுக்காகச் சண்டையிட்டு, விடியலில் ஏறத் தொடங்குபவர்கள் கவனிக்க. முதல்நாளே வந்து தூங்குங்கள்.

பயிற்சிக்கு எட்டு வாரம் வேண்டும். வாரத்தில் நான்கு நாள் அரை மணி நடை, இரண்டு நாள் வீட்டு மாடிப்படி, ஒரு நாள் ஓய்வு. தூரத்தை வாரா வாரம் சிறிது சிறிதாகவே கூட்டுங்கள். சந்திரகிரி வழியாகச் செல்லும் ஸ்ரீவாரி மெட்டில் 2388 படிகள்தாம், தூரமும் இரண்டு கிலோமீட்டர்தான் என்று முதல்முறையே அங்கே போகாதீர்கள். குறுகிய தூரம் என்பதாலேயே அது செங்குத்து.

இறங்கும்போது பஸ்ஸில் இறங்குங்கள். ஏற்றத்தில் சுருங்கும் தொடைத்தசை, இறக்கத்தில் நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது, அதில்தான் இழைகள் நைகின்றன. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்க வலிக்கும், மெல்ல நடந்தால் மூன்றாம் நாள் குறையும். ஒரு முழங்கால் மட்டும் வீங்கினாலோ ஒரு வாரம் கழித்தும் வலித்தாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டிராமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.