நவீன ஓவியத்தின் பொருளாதாரப் பின்னணி

கலைஞனின் தனித்திறமையே புதிய கலையைப் படைக்கிறது என்பது பொதுவாக நிலவும் கருத்து. பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் மற்றொன்றையும் கேட்க விரும்புகிறேன்: அக்கலைஞனுக்குச் சோறிட்டவர் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது.

அந்நாளில் பிரெஞ்சு ஓவியர்தம் வாழ்வும் தாழ்வும் ‘சலோன்’ என்னும் அரசு ஆதரவு பெற்ற கண்காட்சியைச் சார்ந்திருந்தன. அதன் நடுவர் குழு மறுத்த ஓவியத்தை வாங்குவோர் அரியர். 1863ஆம் ஆண்டு மறுக்கப்பட்டோரின் குரல் ஓங்கவே, பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவர்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்த ஆணையிட்டார்.

இதே காலத்தில் சமுதாயமும் மாறிக்கொண்டிருந்தது. வாணிபத்தாலும் தொழிலாலும் பொருளீட்டிய நடுத்தர வகுப்பினர் பெருகினர். அவர்தம் இல்லச் சுவர்களுக்குப் பெரிய புராண ஓவியங்களைவிடச் சிறிய இயற்கைக் காட்சிகளே பொருந்தின. முன்பு பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைக்கப்பட்ட வண்ணம், 1841இல் ஜான் ராண்ட் காப்புரிமை பெற்ற வெள்ளீயக் குழாயில் அடைபட்டு, எங்கும் எடுத்துச் செல்லத்தக்கதாயிற்று. இரயில் வண்டி ஓவியரை ஆற்றங்கரைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சேர்த்தது. 1839இல் உலகறிந்த புகைப்படக்கலையோ, சிற்றுருவப் படங்கள் தீட்டிப் பிழைத்தோரின் தொழிலைப் பறித்தது.

இச்சூழலில், 1874இல் மோனே, ரெனுவார், பிசாரோ முதலியோர் தாமே ஒரு சங்கம் அமைத்து, புகைப்படக் கலைஞர் நாதாரின் பழைய கூடத்தில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். சலோனின் தயவை வேண்டாதவர்கள் சந்தையை நம்பினர். சந்தை அவர்களிடம் இரக்கம் காட்டவில்லை. அடுத்த ஆண்டு பாரிசில் நடந்த ஏலத்தில் கூட்டத்தினரின் ஏளனத்துக்கிடையே பல ஓவியங்கள் அற்ப விலைக்குப் போயின. அவர்களுக்குத் துணைநின்ற வணிகர் துராண்ட் ரூயெல், 1882இல் யூனியன் ஜெனரல் வங்கி முறிந்தபோது பெரும் நெருக்கடிக்கு ஆளானார். 1886இல் அவர் நியூயார்க்கில் நடத்திய கண்காட்சியே அமெரிக்கச் செல்வர்களை இவ்வோவியங்களின்பால் ஈர்த்தது. மோனே முதுமையில் வளமாக வாழ்ந்தார். அவருடன் தொடங்கிய சிஸ்லி 1899இல் வறுமையிலேயே மறைந்தார்.

நடுவர் குழுவின் பிடியிலிருந்து விடுபட்ட ஓவியர், விலையின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டார் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நான் அறிவது. அவர்கள் பெற்ற உரிமை உண்மையானது. ஆயினும் அது எல்லோருக்கும் சோறிடவில்லை. ஆகவே, நவீன ஓவியங்களைக் காணும்போது வண்ணத்தோடு அவற்றின் வாணிப வரலாற்றையும் நாம் படித்தல் வேண்டும். அதனால் கலையின் பெருமை குறையாது. கலைஞர் பட்ட பாடு நமக்கு விளங்கும்.